அவள் வாய்க்குள் உரிந்த தோல்

என் மனைவியின் வாயில் முதல் புண் வந்தபோது நான் கண்டி மாநகரசபையில் இலிகிதராக இருந்தேன். அவள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக் குடும்பங்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவள். நாங்கள் டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். அந்த வித்தியாசத்தை நான் மறந்ததில்லை, அவளை மறக்க விட்டதுமில்லை.

கன்னத்தின் உட்புறம் கொப்புளம் எழும்பி உடைந்து பச்சைச் சதையாகிவிடும். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. சோற்றைக் கழுவிப் பிசைந்து விழுங்குவாள். கொச்சிக்காய்க் காரம் பட்டுவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேசினால் வாடை அடித்தது.

“லயத்து வாய்தானே, நாறாம என்ன செய்யும்? பரம்பரையே வெத்தில போட்டு அழுகுன வாய்” என்றேன். அவள் வெற்றிலையைத் தொட்டதே கிடையாது. அது எனக்குத் தெரியும்.

அவளுடைய தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைத்தேன். நான்கு வயது மகளை முத்தமிடக்கூடாது என்றேன். “அம்மாவுக்கு ஊத்த வாய்” என்று மகள் சொல்லப் பழகியது என்னிடமிருந்துதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். ஈறு கெட்டுவிட்டது, முன்பற்களை எடுத்தால் சரியாகும் என்றார் அவர்.

“வேணாங்க, பல்லு வலிக்கல. தோலுதாங்க உரியுது” என்று அவள் என் கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டு, “எடுங்க” என்றேன்.

நான்கு பற்கள் போயின. பல் இருந்த குழிகளும் புண்ணாயின.

பிறகு அவள் கழுத்திலும் மார்பிலும் கொப்புளங்கள் வந்தன. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்காக அல்ல, எனக்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில்.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார். புண்ணுக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த இடத்தை விரலால் மெல்லத் தேய்த்தார். தோல் நனைந்த கடதாசிபோல வழுக்கிக்கொண்டு வந்தது.

“எத்தினை மாசமா இருக்கு?”

“எட்டு மாசங்க.”

நான் மூன்று மாதம் என்று நினைத்திருந்தேன்.

“பல்லை ஆர் பிடுங்கச் சொன்னது?”

“இவருதாங்க.” அவள் குரலில் கோபமில்லை. மாதக் கணக்கைச் சொன்ன அதே குரல்தான்.

வாயில் இரண்டு சிறு துண்டுகளை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவளைப் பார்த்தே பேசினார்.

“இதுக்குப் பெம்ஃபிகஸ் எண்டு பேர். அரிதான தோல் வருத்தம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உங்கட தோலை எதிரியெண்டு நினைச்சுத் தாக்குது. நீங்கள் செய்த பிழை ஒண்டுமில்லை. பல்லிலயும் பிழை இருக்கேல்ல.”

“தொத்துமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இல்லை. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம்.”

அதுவரை அழாதவள் அங்கே அழுதாள். வாய் முழுக்கத் திறக்க முடியாததால் அழுகை மூக்கு வழியாக வந்தது. நான் தோளைத் தொட்டேன். உட்கார்ந்திருந்த கதிரையை நகர்த்திக்கொண்டாள்.

அவர் கொடுத்த மாத்திரையில் முகம் ஊதியது, புண்கள் ஆறின. மாத்திரையை மட்டும் ஒரேயடியாக நிறுத்த முடியாது, கிளினிக்குக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு தடவை நானும் சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

“நீங்க எதுக்கு? எனக்குப் பேசத் தெரியும்” என்றாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். இருபது வருடமாக நான் இல்லாமல்தான் போய் வருகிறாள்.