பூக் கேட்கும் இடத்தில் தாய்மாமனுக்கு என்ன வேலை?

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்தோம். பிளஸ் ஒன் பரீட்சைக்கு வேண்டுதல் என்றார் அம்மா. கோயிலின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நான் யாரென்று தெரிந்துவிடும். எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் போனை வைத்துத் தட்டுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 6.40க்கு எடப்பாடியில் டவுன் பஸ். சங்ககிரிக்கு முக்கால் மணி நேரம். பெண்களுக்குக் கட்டணமில்லை, மாமாவுக்கு மட்டும் பதினைந்து ரூபாய். என் சந்தேகம் அந்த டிக்கெட்டில்தான் தொடங்கியது. அது அப்பாவின் கூட்டத்துக் கோயில்; கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலப் பிரிவு. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர் என்றாலும் வேறு கூட்டம். மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் ரிக்கில் வேலை செய்பவரை எதற்காக வரவழைத்தார்கள்? லாரி ஓட்டும் அப்பாவோ வரவே இல்லை.

"மாமா எதுக்கும்மா வாராரு?"

"தொணைக்குத்தான் சாமி. பேசாம ஜன்னலப் பாத்து உக்காரு."

சங்ககிரியில் பஸ் மாறி அரை மணியில் திருச்செங்கோடு. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஆட்டோ. 250 கேட்டார்கள், 180க்கு வந்தார்கள்.

கோயில் வரிசையில் ஒரு பெண்மணி ஊரையும் கூட்டத்தையும் விசாரித்தார். "அட, நம்ம கூட்டமா! அப்ப எம் பையன் உனக்கு அண்ணன் முறையாச்சே கண்ணு." அந்தப் பையனை இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒரே வீடாம். அதனால் பங்காளி, கல்யாணம் கூடாது.

உள்ளே பூசாரி வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி முன் வைத்தார். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். "பொண்ணுக்குத் தாய்மாமந்தானுங்களே? கட்டிக்கிற முறைதானுங்க" என்றார் அம்மாவிடம்.

எனக்கும் மாமாவுக்கும் கல்யாணம் செய்யத்தான் பூக் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

எங்கள் உயிரியல் டீச்சர் சொல்லியிருக்கிறார்: நெருங்கிய சொந்தத்தில் ஒரே மறைந்த மரபணுக் குறை இருவரிடமும் இருக்கலாம், சேர்ந்தால் பிள்ளையிடம் வெளிப்படலாம். சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்களுக்குக் கல்யாண எண்ணமே பொதுவாக வராது என்றும் சொன்னார். முறை என்பது ஊர் போட்ட கோடு. எங்கள் ஊர்க் கோடு முகம் தெரியாதவனை அண்ணனாக்குகிறது; அம்மாவோடு பிறந்தவரை மாப்பிள்ளையாக்குகிறது.

ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, இவளுக்கு மூக்குச் சிந்தி உட்டவன் நானு. இடுப்புல தூக்கிட்டுப் பள்ளிக்கோடம் போனவன் நானு. என்னால ஆகாதுக்கா."

"சாமியே பூக் குடுத்துருச்சு. நீ பெரிய இவனா?"

"சாமி நம்ம ஊட்டுல வளரலீல்லக்கா."

பூசாரியே சிரித்துவிட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன், நிம்மதியில்.

அந்த நிம்மதி சங்ககிரி வரைதான். பஸ் ஸ்டாண்டில் அம்மா போனில் அத்தையிடம், அதாவது அப்பாவின் அக்காவிடம், தாழ்ந்த குரலில் பேசினார். "தம்பி வேண்டாங்கறானுங்க நங்கையா. அதனாலென்னுங்க, உங்க பையன் இருக்கானில்லீங்க. அடுத்த மாசம் பூக் கேட்டுப் போடலாமுங்க." அப்பாவுக்கும் சம்மதமாம்.

இப்படி ஒரு பயணம் போகப்போகும் பெண்களுக்கு: பன்னிரண்டரைக்கு நடை சாத்துகிறார்கள். பக்கத்தில் கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். கிளம்புமுன் யார் யார் வருகிறார்கள், அவர்கள் எந்தக் கூட்டம் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் பஸ் ஏறாதீர்கள். பதினெட்டு ஆகாதவர்களுக்கு எந்த நிறப் பூ வந்தாலும் சட்டம் சம்மதிக்காது.

ரத்தக் கணக்கில் அத்தை பையன் மாமாவைவிடக் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். ஆனால் அவன் என்னோடு வளரவில்லை. மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். என்னைப் பிடித்திருக்கிறது என்றானாம். அவன் மறுக்க மாட்டான். நாளை முதல் மணி அடிப்பதற்குள் நானே டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும்.