எட்டுப் புத்தகங்களும் அண்ணன் அடித்த கோடுகளும்

எங்கள் அண்ணன் ஒரு சண்டையில் தோற்றுவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்தேன். அவருடைய நற்குணங்களையெல்லாம் பெரியப்பா இந்த நினைவு மலரின் முன்பக்கத்தில் எழுதிவிட்டார். நானும் அடுக்கினால் அண்ணனே எழுந்து வந்து பாதியை அடித்துவிடுவார்.

அண்ணன் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். ஆறு வயதில் கப்பலேறி மலாயாவின் ஜொகூருக்கு வந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, ரப்பர்ப் பால்மரம் வெட்டிக்கொண்டே படித்து, சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியானார். என்னைச் சிங்கப்பூர்க் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவரே.

தோட்டப் பள்ளியில் வாசிக்கப் புத்தகமில்லை. "அப்ப நாமளே போட்டுடுவோம்" என்றார். முதல் நான்கை அவர் எழுதினார். அடுத்த நான்கைத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸர் செல்லையா எழுதினார். சிங்கப்பூர் அச்சகம் திருத்தம் பார்க்கப் புரூப் அனுப்பியபோதுதான் சண்டை வெடித்தது. அண்ணன் நீளமான சொற்களின் நடுவே சிறு கோடு போட்டுப் பிரித்திருந்தார். டிரஸர் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"புதுசா படிக்கிற பிள்ளைங்க மூச்சு விட வேணாமா, டிரஸரண்ணே?"

"அதுக்கு மூக்கு இருக்குலா, கிராணியாரே. கோடு எதுக்கு?"

மூன்று வாரம் பேச்சில்லை. அவரவர் வீட்டில் அவரவர் புரூப். அதற்குள் அச்சகத்திலிருந்து கடிதம்: சனிக்கிழமை ரயிலில் திருத்தம் வராவிட்டால் அச்சுக்குக் கோத்த ஈய எழுத்தைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வோம். பிரித்தால் எட்டுப் புத்தகமும் போச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் தன் முதல் புத்தகத்தைத் திறந்தார். கோடுகளையெல்லாம் அவரே சிவப்பு மையால் அடித்திருந்தார். டிரஸர் தன் ஐந்தாம் புத்தகத்தைத் திறந்தார். வரிக்கு வரி பென்சில் கோடு. ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்ததில் புத்தகங்கள் தலைகீழானதுதான் மிச்சம்.

"ரொம்ப மரியாதை," என்றார் அண்ணி. "வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னவாம்?"

"பள்ளிக்கூடத்துல போய் உக்காந்து கேட்டேன்," என்றார் அண்ணன். "கோட்டைப் பாத்ததும் பிள்ளைங்க அப்படியே நின்னுடுதுங்க. நீங்க சொன்னதுதான் சரி. ஆமா, நீங்க ஏன் பென்சில்ல போட்டீங்க?"

"மனசு வரல, கிராணியாரே. மையில போடக் கை ஓடல."

அப்போது சிரித்தார் அண்ணன். நாற்காலி ஆடியது. டிரஸருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மை போகாது, பென்சில் போகும். டிரஸரின் கோடுகளை அழித்தால் எட்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஆனால் வீட்டில் இருந்த அழிரப்பர் பல் அளவுதான்.

"ரப்பர் தோட்டத்துல குடியிருந்துக்கிட்டு ரப்பருக்கு முழிக்கிறீங்களே," என்று அண்ணி ஸ்டோருக்குப் போய் வெளுத்த ரப்பர் துண்டுகளை மடியில் கட்டி வந்தார். பால்வெட்டு முடிந்து வந்த பெண்களையும் கையோடு அழைத்து வந்தார். படிக்கத் தெரியாதவர்களும் கோட்டைத் தேடித் தேடி அழித்தார்கள். "இதுல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, பிடி அத" என்று ஒரே கும்மாளம். பொழுது சாயுமுன் முடிந்தது. மறுநாள் ரயிலில் புரூப் கட்டைக் கொண்டுபோய் ஏற்றியது நான்.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்த அண்ணன் மூன்றே வாரத்தில் நம்மை விட்டுப் போனார். இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட டிரஸருக்கும், அன்று கோடு அழித்த கைகளாலேயே அவருக்குக் கஞ்சி கொண்டுவந்த தோட்டத்துப் பெண்களுக்கும், தூரம் பாராமல் மூவாரிலிருந்தும் பொந்தியானிலிருந்தும் வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இப்போது தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஐந்தாம் புத்தகத்தை எங்கும் நிற்காமல் வாசிக்கிறது.