அம்மா பேரில் இருந்த ஊர்

உங்கள் அம்மா மஸ்கட்டுக்குப் போன பிறகும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். "யாருக்குக் கல்யாணம்ப்பா?" என்று கேட்பீர்கள். பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவன் நாற்காலி ஏற்றினால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். நான் பதில் சொல்லாமல் போய்விடுவேன். இப்போது சொல்கிறேன்.

அம்மா இருந்த நர்சுகள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிற ஒவ்வொருவரின் பொறுப்பிலும் ஒரு கிராமத்தை விடுவார்கள். மாதம் ஒருமுறை தன்னுடைய லீவு நாளில் அங்கே போய் எல்லோருக்கும் பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டு வரவேண்டும். சும்மா பேருக்கு உறுப்பினராக இருக்க முடியாது. தொடர்ந்து போகவில்லை என்றால் அந்த ஊரை வேறொருவருக்கு மாற்றிவிடுவார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது இடைசெவலைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கரிசல் ஊர். உட்காரவைக்க நாற்காலி வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனாள். அப்படித்தான் நானும் அதில் ஒட்டிக்கொண்டேன். நாம் வேதக்கோயிலில் காலை ஆராதனை முடிந்து வந்ததும் உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போவோம்.

ஆரம்பத்தில் அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஊரில் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக்கூட பிரஷர் ஏறியே இருந்தது. ஒருநாள், பருத்தி எடுக்கப் போகிற ஒரு அக்காவிடம் கேட்டாள்.

"யக்கா, காலையில மாத்திரை போட்டியளா?"

"நீ பாக்க வார அன்னைக்கு எப்படித் தாயி போடுவேன்? போட்டுட்டு வந்தா சீக்கு ஒளிஞ்சிக்கிடாதா? உன்கிட்ட உள்ளதை உள்ளபடி காட்டணும்லா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அதுதானே நியாயம் என்பதுபோல் தலையாட்டினார்கள். ஊரே அவளுக்காக மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, சும்மா நிக்காதீங்க. வாரவங்ககிட்ட மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க. போடாதவங்கள அந்தப் பக்கம் உக்காரவைங்க. போட்டுட்டு வந்து கடைசில காட்டட்டும்."

அன்றிலிருந்து எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. ஒரு பெரியவர் சத்தமாகச் சொன்னார்: "ஏலே, சிஸ்டரம்மா வீட்டுக்காரரு தேட்டர் வாசல்ல நிக்க மாதிரி நிக்காருடே. டிக்கெட் இல்லாம உள்ள விடமாட்டாரு!"

உங்கள் படிப்புக்கு இங்கே வாங்குகிற சம்பளம் போதாது என்றுதான் அம்மா கிளம்பினாள். விமான நிலையத்தில் உங்களை முத்தமிட்டுவிட்டு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஊரை விட்டுராதீங்க. வந்ததும் நான்தான் பாக்கணும்."

அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த ஊர் அவள் பேரில் இருக்கிறவரைக்கும் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவளோடு வேலை பார்த்த நர்சுகளிடம் கெஞ்சி, மாதம் ஒருவராக அழைத்துப் போனேன். அவர்களும் வீடும் பிள்ளையும் உள்ளவர்கள்தானே. ஒரு மாதம் ஒருவராலும் வரமுடியவில்லை. நான் மட்டும் போனேன். வெயிலில் காத்திருந்த ஆட்களுக்கு நாற்காலிகளை மட்டும் இறக்கிப் போட்டேன்.

"அண்ணாச்சி, மாத்திரை போட்டாச்சான்னாவது கேட்டுட்டுப் போங்க" என்று அந்தப் பருத்தி எடுக்கிற அக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், "அவிய எப்ப வாராவ?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் வந்துருவாக்கா."

அதன்பிறகு அம்மா மஸ்கட் வேலையை நீட்டிக்கொண்டாள். சங்கத் தலைவி என்னை வரச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கேட்டேன்.

"நீங்க படுதபாடு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா அங்கன சுகர்க்காரங்க இருக்காங்க. உங்க வீட்டுக்காரி வாரவரைக்கும் அது ஏறாம நிக்குமா?"

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஊரை மாற்றிவிட்டார்கள்.

அன்று அம்மாவிடம் போனில் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ள நல்லாப் பாப்பாளா?" என்று கேட்டாள்.

"பாப்பான்னுதான் தோணுது."

"அப்ப சரி. நீங்க போவீங்கல்லா?"

"இனி நான் எதுக்கு?"

"அவ சின்னப்பிள்ள. சேரெல்லாம் எப்படித் தூக்கிட்டுப் போவா?"

போனை அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யாரோ கூப்பிட்டார்கள், வார்டுக்கு ஓடிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணோடு போனேன். முந்தின நாள் பெய்த மழையில் சக்கரமெல்லாம் கரிசல் அப்பிக்கொண்டது. அவளும் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குச்சியால் மண்ணை வழித்துவிட்டாள். ஊரில் அவள் கை சுறுசுறுப்பாக ஓடியது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பார்க்கப் பார்க்க என்னவோ போலவும் இருந்தது.

அந்த அக்கா கையை அவளிடம் நீட்டிக்கொண்டே என்னைக் கேட்டார். "அண்ணாச்சி, நம்ம சிஸ்டரு வரமாட்டாவளா?"

"எப்பன்னு தெரியலக்கா" என்றேன்.

அந்த ஊரில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் கேட்கும்போதும் கிறிஸ்துமஸுக்கு வருவாள், ஈஸ்டருக்கு வருவாள் என்று ஏதாவது சொல்லி வைத்திருக்கிறேன். இனிமேல் சொல்லமாட்டேன். அம்மா எப்போது வருவாள் என்று எனக்கும் தெரியாது பிள்ளைகளா. உங்களைப் போலத்தான் நானும் காத்திருக்கிறேன்.