பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இடம்

ஜெரோம் அண்ணன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து அளவுக்கு இடம் விட்டுவிடுவார். கணபதி பகுதியில் நாங்கள் வேலை பார்த்த மோட்டார் பட்டறையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினாலும் அப்படித்தான். மற்றவர்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கும் இடத்தில், இருபத்திரண்டு வருடமாக அவருக்கு வெற்றிடம்.

அவர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். பூனைக் கண், செம்பட்டை முடி. அம்மா செவ்வந்தி வால்பாறையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அப்பா அதே எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். மகனுக்கு மூன்று வயதாகும்போது கப்பலேறினார்; திரும்பவே இல்லை. "சர்ச்சுல வெச்சு மோதரம் போட்ட பொண்டாட்டி நானு" என்று செவ்வந்தி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் நம்பவில்லை. மகனுக்கே பாதி நம்பிக்கைதான். அதனால்தான் அந்த இடத்தில் எழுத்தும் போடவில்லை, இடத்தை விடாமலும் இல்லை.

1997 ஜூனில், எஸ்டேட் முகவரிக்கு வந்து, அங்கிருந்து பட்டறைக்குத் திருப்பிவிடப்பட்டு, ஸ்காட்லாந்துக் கடிதம் ஒன்று அவர் பெயருக்கு வந்தது. அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள். பட்டறையில் இங்கிலீஷ் என்றால் என் மேசைக்குத்தான் வரும். வரிக்கு வரி தமிழில் எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னேன்.

எழுதியவள் ஃபியோனா என்ற பெண். அவள் தாத்தா அலெக்சாண்டர்தான் அந்த மேனேஜர். தன் அண்ணன் இறந்ததால் ஊருக்குப் போய், பரம்பரையாக வரும் லார்டு பட்டத்தை ஏற்றவர். இப்போது பட்டம் அவள் அப்பா ஹியூவிடம். தாத்தாவின் பெட்டியில் ஒரு போட்டோ, அதன் பின்னால் 'என் மனைவி, என் மகன் ஜெரோம்'. கல்யாணம் நிஜமென்றால் பட்டம் மூத்தவரான உங்களுக்குத்தான் சேரவேண்டும், அப்பாவும் அதையே சொல்கிறார், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். கோட்டை ஒழுகுகிறது, மழைக்குப் பதினேழு வாளி வைக்கிறோம் என்றும் எழுதியிருந்தாள்.

"ஏனுங்க லார்டு, டீ இங்கயே குடிக்கறீங்களா, கோட்டைக்கு அனுப்பட்டுங்களா?" என்றார் லேத்துக்காரர் பாலுசாமி.

"பதினேழு வாளியா! எங்கூட்டுல மழைக்கு ரெண்டே குண்டாதான். நாந்தான் பெரிய ஆளு, போய்யா" என்று சிரித்தார் ஜெரோம் அண்ணன். அப்புறம் என்னிடம் மெதுவாக, "அம்மணி, சர்ச்சுல புஸ்தகம் இருக்குமா?" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது பட்டமல்ல, அம்மா சொன்னது பொய்யில்லை என்று காட்ட ஒரு தாள். எனக்கு? ஒரு லார்டைக் கண்டுபிடித்தவள் என்ற பெயர் வேண்டியிருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறே வால்பாறை பஸ் ஏறினோம். நாற்பது வளைவிலும் அவர் வாய் ஓயவில்லை. சர்ச்சில் போதகர் தூசு தட்டிக் கொடுத்த கல்யாணப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினேன். 1943, டிசம்பர் நான்கு. அலெக்சாண்டரின் சாய்ந்த கையெழுத்து. பக்கத்தில் செவ்வந்தியின் பெருவிரல் ரேகை!

"இருக்குங்கண்ணா! இருக்குங்க!" என்று கத்தியேவிட்டேன். அவர் அந்த ரேகையின் மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். "எந்தாயி... சின்னக் கை" என்றார்.

சான்று நகல் வாங்கிக்கொண்டு இறங்கும்போது, ஃபியோனாவுக்கு எழுதப்போகும் இங்கிலீஷை நான் மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். ஆழியாறு தெரியும்போது அவர் கேட்டார்:

"அம்மணி, அந்த ஹியூவோட அம்மாவ எங்கப்பா கட்டுனது எப்போ?"

"நாப்பத்தெட்டுலன்னு எழுதியிருக்குதுங்க."

"எங்கம்மா செத்தது எழுவத்தொண்ணுல." சான்று நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப அந்தம்மாவ என்னன்னு சொல்லுவாங்க? அந்த ஹியூவும் என்னாட்டமே எடம் உட்டுக் கையெழுத்துப் போடோணுமாக்கு?"

முதல் மனைவி உயிரோடிருக்கையில் செய்த இரண்டாம் கல்யாணம் செல்லாது என்ற அந்தக் கணக்கு, பட்டம் படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை பதிவேட்டில் 'அ. ஜெரோம்' என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. பாலுசாமி எட்டிப் பார்த்தார், கிண்டல் செய்யவில்லை. போய் எல்லோருக்கும் டீ சொன்னார். அன்று பட்டறையே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

கடிதத்துக்கு மட்டும் அவர் பதில் போடவில்லை. கேட்கும்போதெல்லாம், "பொய் சொல்லாம, அந்த ஹியூவோட அம்மாளயும் கொற சொல்லாம எழுதறக்கு வழி தெரியட்டுங் கண்ணு. எழுதிப்போடலாம்" என்பார். ஃபியோனாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது: 'ஒரு வரி போதும்.' எழுத ஏர்மெயில் தாள்கூட வாங்கி வந்தார்.

1999 பிப்ரவரியில் மாரடைப்பில் ஜெரோம் அண்ணன் போய்விட்டார். சான்று நகலை அவர் விருப்பப்படி அவரோடேயே வைத்துப் புதைத்தோம். ஏர்மெயில் தாள் என் மேசை டிராயரில் இருக்கிறது. அதில் முகவரி மட்டும் நான் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அவர் தரவேண்டிய ஒரு வரி இன்னும் போகவில்லை.