மூக்குடைந்த சக்களத்தி

புருவக்காரி என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே, ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் மட்டுமே கொள்ளும் இடத்தில் அழகு நிலையம் வைத்திருந்தாள். புருவம் திருத்த, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் குனிந்தால், எதிரே இருப்பவளின் முகத்தில் எந்தக் குறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு புருவம் இறக்கம், ஒரு காது பெரிது, உதட்டோரம் மீசை என்று மனசுக்குள்ளேயே குறித்துக்கொள்வாள். வாய்விட்டுச் சொன்னால் வாடிக்கை போய்விடும்.

பொறாமை அவளோடு கூடப் பிறந்தது. அக்காவுக்கு மட்டும் சுருட்டை முடி வாய்த்ததற்காகச் சின்ன வயதில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவள். ஆனால் அவளுக்கு வாய்த்த கணவர் பொறாமைக்குத் தீனியே போடாத மனிதர். நூல் ஆலையில் வேலை. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். அவரை எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது.

ஆலையை மூடினார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அவருக்கு அருங்காட்சியகத்தில் காவல்காரர் வேலை கிடைத்தது. அங்கே பிடித்தது வினை.

மாடியில் கடைசிக் கூடம் அவர் பொறுப்பு. கூடத்தின் நடுவில், இடுப்பளவு பீடத்தின் மேல், ஒரு முழ உயரத்தில் ஒரு கல் பெண் நின்றாள். குளித்துவிட்டு வந்தவள் போல, தலையை ஒருபக்கம் சாய்த்து, ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். செதுக்கியவன் யார் என்று யாருக்கும் தெரியாது. காவல்காரர்கள் அவளுக்கு அம்மணி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வேலைக்குப் போன சில நாட்களில், வாய் பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார். இன்றைக்கு மழை, கூட்டமே இல்லை, அம்மணியும் நானும்தான் என்பார். சின்னப் பிள்ளைகள் வந்து அம்மணியைப் பார்த்துச் சிரித்தன என்பார். ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சாயங்காலம் ஜன்னல் வழியா வெயில் விழும் பாரு, அப்ப அவ கன்னத்தப் பாக்கணும்" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி புருவக்காரியின் கையில் அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிக்கிடந்தவள் அவள். இப்போது வார்த்தைகள் வந்தன. எல்லாம் இன்னொருத்தியைப் பற்றி.

ஒரு காலை வேளையில் தலைக்குக் குளித்துவிட்டு, அவர் செருப்பு மாட்டும் இடத்தில் போய்த் தலையைச் சாய்த்து நின்று, முடியைப் பிழிந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். தரையெல்லாம் தண்ணீர், வழுக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த வாரமே கடையைப் பூட்டிவிட்டு நேரில் பார்க்கக் கிளம்பினாள். அவருக்கு ஒரே சந்தோஷம். சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல ஒதுங்கி நின்று கையைக் காட்டினார். புருவக்காரி, வாடிக்கைக்காரியின் முகத்தைப் பார்ப்பது போலத்தான் அவளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது. மூக்கு நுனி உடைந்திருந்தது. வலது புருவம் ஒரு மயிரிழை இறக்கம். காதுக்குப் பின்னால் உளி சறுக்கிய கோடு. சுற்றிப் பின்பக்கம் போனால், முழங்காலுக்குப் பின்னே கல்லில் ஒரு வெள்ளை நரம்பு, பாம்பு போல. இடது கால் சுண்டுவிரலில் நகமே செதுக்கவில்லை. பளிச்சென்று ஒளி அடிக்காமல் படம் எடுத்துக்கொள்ள அங்கே தடையில்லை. ஒவ்வொரு குறையையும் கைபேசியைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் படம் எடுத்தாள். அக்காவுக்கு அனுப்பினாள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வசவு.

"கல்லு மேல பொறாமைப்படுற மொத ஆளு நீதான்டி" என்று அக்கா பதில் அனுப்பினாள். அதற்காக விட்டுவிடவில்லை. கடையில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் போனாள், புதுக்குறை தேடினாள், எடுத்தாள், அனுப்பினாள். மனைவிக்கும் கலை ரசனை வந்துவிட்டது என்று அவர் சக காவல்காரர்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கூடத்தின் கூரை ஒழுகியது. பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். சிலைகளைப் பெட்டிகளில் அடைத்துக் கீழே கிடங்கில் வைத்தார்கள். வேலை முடிந்து பெட்டிகளைத் திறந்தபோது, அம்மணியின் பெட்டியில் சாக்குத் துணியில் சுற்றிய நடைபாதைக் கல் இருந்தது. கிடங்குச் சாவி இருவர் கையில் புழங்கியது. ஒருவர் கிடங்குக் குமாஸ்தா, இன்னொருவர் புருவக்காரியின் கணவர். விசாரணை முடியும்வரை இருவரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தியைக் கேட்டதும் அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒழிந்தாள் என்று நினைத்தாள். வேலை போனாலும் போகட்டும், புருவத்தை நம்பிக் குடும்பம் ஓடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். தெருவில் பேச்சு எழுந்தது. திருடன் பெண்டாட்டியா என்று கேட்காத குறையாக வாடிக்கைக்காரிகள் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் போனது வேறு ஒன்று. மதியம் சாப்பாட்டுக்காக மேலே வீட்டுக்குப் போனபோது, அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தேம்பித் தேம்பி, குழந்தை மாதிரி.

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னப் பாத்துக்க டாக்டர் இருந்தாங்க, நர்ஸ் இருந்தாங்க, உங்க அக்கா இருந்தாங்க. அவளுக்கு நான் ஒருத்தன்தானே."

அந்தப் பதில் அவளை இன்னும் எரித்தது. தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் குழம்பு தெறித்தது.

சில மாதங்கள் கழித்து, சிலைத் திருட்டுகளை விசாரிக்கும் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்தாள். ஒல்லியான பெண், குறைவாகப் பேசினாள். கடல் தாண்டி ஒரு வியாபாரியின் கடையில் அதே போன்ற சிலை விற்பனைக்கு வந்திருக்கிறதாம். ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது, இதுபோல எத்தனையோ சிலைகள் உண்டு என்கிறானாம் அவன். அருங்காட்சியகத்தில் இருப்பதோ முன்னாலிருந்து எடுத்த பழைய படம் ஒன்று. தூரத்தில் எடுத்தது, முகமே தெரியவில்லை. இதுதான் அது என்று காட்ட அடையாளம் வேண்டும்.

"ஐயா, நீங்க தினமும் பக்கத்துல இருந்தவரு. எங்கயாவது உடைசல், கீறல், ஏதாவது குறை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் வெகுநேரம் யோசித்தார். கன்னத்தைச் சொன்னார். சிரிப்பைச் சொன்னார். வெயில் விழும் விதத்தைச் சொன்னார். கடைசியில், "அவகிட்ட குறையே கிடையாதும்மா" என்றார்.

தேநீர்க் குவளைகளோடு வந்த புருவக்காரியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மூக்கு நுனி உடைந்தது தெரியாதா, புருவம் கோணல் என்று தெரியாதா என்று ஆரம்பித்து, காது, முழங்கால், சுண்டுவிரல் என்று வரிசையாகக் கொட்டித் தீர்த்தாள். அதிகாரி தேநீரைத் தொடவில்லை. இதற்கெல்லாம் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

புருவக்காரி அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று உணர்ந்தாள். படத்தைக் கொடுத்தால் அம்மணி திரும்பி வந்துவிடுவாள். தானாகப் போன சக்களத்தியை யாராவது வண்டி வைத்து அழைத்து வருவார்களா? இல்லை என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் முழுக்க முழுக்க அவளுக்கே கிடைத்தார். காலையில் கடையைத் திறந்தால் படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். வாடிக்கை வந்தால் எழுந்து வழிவிடுவார், போனதும் மறுபடி உட்காருவார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஆள்தான் அங்கே இல்லை. ஆலைக் காலத்தில் இருந்த அதே மௌனம், அதைவிடக் கனமாக. அம்மணியைப் பற்றிப் பேசியதாவது பேச்சாக இருந்ததே என்று ஒருநாள் தோன்றியபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

ஒரு சாயங்காலம், கடையில் யாரும் இல்லாதபோது, அவராகவே பேசினார். தன் கைபேசியில் அம்மணியின் படம் ஒன்றுகூட இல்லையே என்று வருத்தப்பட்டார். "உன்னையும்தான் நான் படம் எடுத்ததில்ல. தெனமும் பாக்கிறவங்களை யாரு படம் எடுப்பா? எங்க போயிடப்போறாங்கன்னு இருந்துட்டேன்."

அவள் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பம் நின்றது. அவர் வாயால் அவளையும் அந்தக் கல்லையும் ஒரே வரியில் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவமானமா, மரியாதையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அடிவயிற்றில் எரிந்துகொண்டிருந்தது சற்றுத் தணிந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். அன்று பொய் சொன்னேன், எல்லாம் அக்காவுக்கு அனுப்பிய படங்கள் என்று ஒத்துக்கொண்டு கைபேசியை மேசை மேல் வைத்தாள். படங்கள் மட்டும் போதாது, அக்காவுக்கு எப்போது அனுப்பினாள் என்பதும் தெரிய வேண்டும், அப்போதுதான் திருட்டுக்கு முன்பே சிலை அங்கே இருந்தது நிரூபணமாகும் என்றாள் அதிகாரி. அதாவது வசவுகளையும் படிக்கப்போகிறாள். புருவக்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தாள். 'இந்த மூக்குக்கா இந்த ஆட்டம்' என்பதையும் படித்தாள். 'என் கடைக்கு வந்தா புருவத்தைச் சரி பண்ணிடுவேன், கொழுப்பைச் சரி பண்ண முடியாது' என்பதையும் படித்தாள். உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

"அழகைப் பாத்து எடுத்தா எல்லாச் சிலையும் ஒண்ணாத்தான் தெரியும். உடைஞ்ச இடம் மட்டும்தான் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது" என்றாள். பிறகு நிமிர்ந்து, "அன்னிக்கு ஏன் இல்லைன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அவ வர்றது எனக்குப் பிடிக்கல."

"இப்ப பிடிச்சிருக்கா?"

"இல்ல. ஆனா வரட்டும்."

அந்த வசவுகள் வேறொரு மொழியில் பெயர்க்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, கடல் தாண்டிப் போயின. வெள்ளை நரம்புக்கும் நகமில்லாத விரலுக்கும் வியாபாரியிடம் பதில் இல்லை. அவனிடம் விற்றவனைப் பிடித்தார்கள். அவன் மூலமாகக் கூரை வேலை மேற்பார்வையாளனும், அவன் மூலமாகக் கிடங்குக் குமாஸ்தாவும் அகப்பட்டார்கள். புருவக்காரியின் கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அம்மணி வந்து சேர அதற்கு மேலும் நாளானது.

அருங்காட்சியகத்தில் நடைமுறையெல்லாம் மாறியது. ஒவ்வொரு பொருளையும் நாலாபக்கமும் படம் எடுத்தார்கள். உடைசலையும் கீறலையும் கிட்டத்தில் வைத்துத் தனித்தனியாக எடுத்தார்கள். அந்தப் படங்களின் பிரதியை வேறு கட்டடத்தில் பத்திரப்படுத்தினார்கள். கிடங்குக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் ஒரே கையில் இருக்கக்கூடாது. பெட்டியை மூடும்போதும் திறக்கும்போதும் இருவர் நின்று பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்று: காவல்காரர்கள் ஒரே கூடத்தில் நிலையாக உட்காரக்கூடாது, மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி விதி புருவக்காரியின் கணவரைக் கீழ்த்தளத்து நாணயக் கூடத்துக்கு அனுப்பியது. அம்மணியின் கூடத்துக்குப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். வாயாடி.

கொஞ்ச நாளில் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் தட்டைத் தள்ளினார். "அந்தக் கண்டக்டர் வர்றவங்ககிட்ட எல்லாம் 'நம்ம அம்மணி, நம்ம அம்மணி'ங்கிறான். நேத்து வந்தவன். அவனுக்கு எப்ப நம்மளாச்சு?"

புருவக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இறுகியிருந்தது, பார்வை ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த நோயை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார் இருக்கிறார்கள்? பழிக்குப் பழி சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வயித்துல எரியுதா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"எரியும். பட்டினி கிடந்தா இன்னும் எரியும். சாப்பிடுங்க."

சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து, நாளைக்கு மதிய இடைவேளையில் மேலே போய் அவளைப் பார்க்கப்போகிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்டார். எங்கேயும் கூப்பிடாத மனிதர். இரண்டு வாடிக்கை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள்.

சொன்னபடி போனாள். இருவரும் பீடத்தின் முன்னால் போய் நின்றதும், நடத்துநர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தச் சிலையைப் பற்றிச் சொல்லட்டுமா என்று ஆரம்பித்தார்.

"வேணாங்க" என்றாள் புருவக்காரி. "எங்களுக்குத் தெரியும்."