செகப்பியின் பூக்கடையும் ஒரு மலாய்ச் சொல்லும்

மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் கோயில் தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் செகப்பிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய அப்பா அடைக்கப்பன் செட்டியார் ஈப்போவில் ஒரு வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அது மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பூக்கடை போட்டபோது, இதெல்லாம் நம்ம ஆட்கள் செய்கிற தொழிலா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவள் விடியற்காலை எழுந்து பூக்கட்ட ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

கொரோனா வந்ததும் கோயில் மூடியது. இந்தியாவிலிருந்து மல்லிகை கொண்டுவரும் விமானங்கள் நின்றன. கேமரன் மலையிலிருந்து வந்த செவ்வந்தி வாளியிலேயே அழுகியது. எப்படியோ இரண்டு வருடத்தை ஓட்டினாள். கடையை மறுபடி திறந்த வாரத்தில் பூ வைக்கும் குளிர்ப்பெட்டி நின்றுபோனது.

அப்போதுதான் வட்டாரச் சிறுதொழில் உதவிப் பிரிவு சின்னக் கடைக்காரர்களுக்கு மானியம் தருகிறது என்று அவள் கணவர் மெய்யப்பன் கேள்விப்பட்டார். கைப்பேசியிலேயே மனுவை நிரப்பினார். கடை பதிவான பெயரில் 'புங்கா' என்ற மலாய்ச் சொல் இருந்தது. பூ என்று அர்த்தம். கூடவே 'செகப்பி செட்டியார்'.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. உங்கள் தொழில் இந்தத் திட்டத்தில் சேராது, உரிய லைசென்ஸும் இணைக்கப்படவில்லை என்று இருந்தது. லைசென்ஸ் அவள் தலைக்கு மேலே சுவரில்தான் தொங்கியது. அதைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் மரியாதையாகத்தான் பேசினார். இந்த லைசென்ஸ் போதாது, கடன் கொடுப்பதற்கான லைசென்ஸ் வேண்டும் என்றார். தான் யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறாளா என்று கேட்கிறார் போல என்று செகப்பி நினைத்தாள். இதுவரை ஒருவரிடமும் வாங்கியதில்லை என்றாள். ரொம்ப நல்லது, ஆனால் லைசென்ஸ் எங்கே என்றார் அவர். செகப்பி கையிலிருந்த லைசென்ஸை மறுபடி நீட்டினாள். கொரோனாவுக்குப் பிறகு பூ விற்பதற்கும் புதுச் சட்டம் வந்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

அவர் உள்ளே போய்த் தமிழ் தெரிந்த அதிகாரியைக் கூட்டிவந்தார். கிருஷாந்தி என்று சட்டையில் பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் திரையைப் படித்துவிட்டுச் செகப்பியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க என்ன விக்கிறீங்க?"

"பூதான். மாலையும் கட்டித் தாரேன்."

கிருஷாந்தி மெதுவாக விளக்கினாள். மலாயில் புங்கா என்றால் வட்டி என்றும் ஒரு பொருள் உண்டு. பக்கத்திலேயே செட்டியார் என்று இருப்பதைப் பார்த்து, யாரோ இதை வட்டிக்கடை என்று பதிந்துவிட்டார்கள்.

செகப்பிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அப்பா செய்த வேலை எப்படி இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்தது என்றுதான் யோசித்தாள்.

"செட்டியார்ங்கிற அப்பா பேர எடுத்துட்டா கிடைக்குமா?"

"பேர் இருக்கட்டும் அக்கா. தொழில் வகைய மட்டும் மாத்துவோம்."

ஆனால் பட்டியலில் பூ விற்பனை என்று ஒன்று இல்லை. தேடித் தேடிக் கடைசியில் 'அலங்காரம்' என்று போட்டாள் கிருஷாந்தி.

அடுத்த மாதம் மானியம் கிடைத்தது. பணமாக வரவில்லை, கண்ணாடிக் கதவு வைத்த புதுக் குளிர்ப்பெட்டியாக வந்தது. கூடவே ஒரு கடிதம். அலங்காரத் தொழில் செய்கிறவர்கள் காம்பார் ஊரில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கட்டாயம் வரவேண்டுமாம்.

போனாள். கல்யாண மேடை போடுகிறவர்கள், பந்தல் கட்டுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். பயிற்சி கொடுத்தவர் உங்கள் மேடைக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு, மஞ்சள் என்று சொல்லிவைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்த மலாய் மேடைக்காரி நோர்லைலா, செகப்பியின் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரத்தைத் தொட்டுப் பார்த்து, இதை மணப்பெண்களுக்குக் கட்டித் தர முடியுமா என்று கேட்டாள். இப்போது மாதம் இரண்டு முறையாவது அவளிடமிருந்து ஆர்டர் வருகிறது.

மானியம் எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் செகப்பி முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள். லைசென்ஸ் கட்டம் வந்ததும் அவளுக்கே குழம்பிவிடும். மெய்யப்பன்தான் மிச்சத்தைச் சொல்வார். பூக்காரிக்குக் கொடுத்தார்களா, மேடைக்காரிக்குக் கொடுத்தார்களா என்பது அவருக்கும் தெரியாது.

போன வாரம் இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. நீங்கள் அலங்கரித்த மேடைகளின் படங்களை அனுப்பவும் என்று. செகப்பி கடைமுன் மாலைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, மெய்யப்பனைப் படம் எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.