மரியாதையாக எழுதிய கடிதம்

என் அம்மா என் அப்பாவை 'நீ' என்றுதான் சொல்வாள். கூப்பிட வேண்டுமென்றால் 'யோவ்'. அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாய்யா, இவ்ளோ நேரம்? சோறு போடவா?" என்பாள். அப்பா அதைக் குறையாக நினைத்ததே இல்லை. ஆம்பூரில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

எனக்குத்தான் அது பிடிக்காது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண். டீச்சர் வீட்டுக்கு நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது, டீச்சர் தன் வீட்டுக்காரரிடம் 'வாங்க', 'உக்காருங்க' என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள் வீடு இப்படித்தான் இருக்கும், எங்கள் வீட்டையும் ஒருநாள் இப்படி ஆக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மாவுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. கோபம் வந்தால் தானாக வரும். அப்பா குடித்துவிட்டு வந்த அன்று, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்பாள். அப்பா வாசலிலேயே நின்றுவிடுவார். "பாப்பா, உங்கம்மாவுக்கு மரியாதை வந்துடுச்சு. இன்னிக்கு நான் காலி" என்று என்னிடம் முணுமுணுப்பார். நான் அதை அவர்களுக்குள் நடக்கும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பட்டது இவ்வளவுதான்: அம்மாவால் மரியாதையாகப் பேச முடியும், சோம்பேறித்தனத்தால் பேசுவதில்லை.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டினார். பள்ளிக்கூடம் போகாதவர். சுவரில் ஒட்டும் கட்சி போஸ்டர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அதனாலேயோ என்னவோ, அந்தக் கட்சி மேல் அவருக்கு ஒரு நன்றி இருந்தது. தலைவரைக் கைது செய்த மறுநாள் நெடுஞ்சாலையில் மறியல் நடந்தபோது கொடியை எடுத்துக்கொண்டு போனார். மதியத்துக்குள் ஒரு பஸ் எரிந்தது. கொளுத்தியது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் யாரோ எடுத்த போட்டோ ஒன்றில், எரிகிற பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் தெரு ஆட்களோடு கொடியும் கையுமாக அப்பாவும் நின்றிருந்தார்.

"எரியுதேன்னு பாத்துனு நின்னேன்மே" என்றார் அம்மாவிடம்.

"உன்ன யாருய்யா பாக்கச் சொன்னது?"

இரண்டு நாட்களில் எங்கள் தெருவில் ஆண்களே இல்லை. பாதிப்பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மீதிப்பேர் ஓடினார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும், தோல் ஏற்றப் போகும் லாரி ஒன்றில் அப்பா ஆந்திரா பக்கம் கிளம்பினார். வாசலில் அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று சிரித்துவிட்டாள். "போய்யா" என்று அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அந்த நேரத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

போனில் பேச முடியாது. வீட்டுக்குப் போன் செய்த இரண்டு பேரை, எங்கிருந்து பேசினார்கள் என்று கண்டுபிடித்து மறுநாளே தூக்கிவிட்டார்கள். அம்மாவின் செல்போனையும் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. அதனால் கடிதம்.

ஆடு மாட்டுத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி வைக்கும் குடோன் ஒன்றில் அப்பா வேறு பெயரில் வேலை செய்தார். எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர் லாரி டிரைவரான பாய் ஒருவர் கடிதத்தை ஆந்திர எல்லை தாண்டிப் பலமனேர் வரை கொண்டுபோவார். அங்கே வேறு லாரி. அதை ஓட்டியவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். அவர் குடோன் வாட்ச்மேனிடம் கொடுப்பார். நடுவில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. "நமக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது" என்பார் பாய். என்னைப் பார்த்தால், "கம்மியா எழுது பாப்பா. ஜாஸ்தியா எழுதினா மடிச்சு வைக்க எடமில்ல, பேஜாரா பூடும்" என்பார்.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'யோவ், நல்லா இருக்கியா, நாங்க நல்லா இருக்கோம்.' கடிதத்தில் 'யோவ்' என்று எழுத என் கை கூசியது. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது 'அன்புள்ள', 'தாங்கள்', 'நலமறிய ஆவல்'. ஆனாலும் எழுதினேன். அப்பாவின் பதில், உப்பு ஏறிப் பிசுபிசுக்கும் தாளில், போஸ்டர் எழுத்து மாதிரி பெரிது பெரிதாக வரும். 'நான் நல்லா இருக்கேன். நீ அழாத. பாப்பா படிக்குதா.' படித்து முடித்ததும் அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்ப்பாள்.

இரண்டு மாதம் ஆனபோது, ஒரு சனிக்கிழமை எஸ்.ஐ. எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, எங்க உன் புருசன்?"

"தெரியாது சார்."

"தெரியாதவளுக்குச் சேதி மட்டும் வருதா? எப்படி வருதுன்னு நான் கேக்கல. ஒரு லெட்டர் போடு. வந்து ஆஜராகட்டும், ஒரு கையெழுத்து வாங்கினு அனுப்பிடறேன்."

"எனக்கு எழுதத் தெரியாது சார்."

நான் எழுந்து நின்றேன். "நான் எழுதுவேன் சார். கிளாஸ்ல லெட்டர் எழுதுறதுல நான்தான் ஃபர்ஸ்ட்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எஸ்.ஐ. சிரித்தார். "பரவால்லியே. எழுது. மனசு உருகுற மாதிரி இருக்கணும், புரியுதா? 'குழந்தை உங்கள் நினைவாகவே இருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை'ன்னு போடு."

அன்று காலை நான் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன். இருந்தாலும் அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. எழுதிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"எழுது பாப்பா. வாங்க. பயப்படாம வாங்க. சார் ரொம்ப நல்லவரு. சீக்கிரமா வாங்க. உங்களுக்காக காத்துனு இருக்கோம்."

என் காதுகளை நம்ப முடியவில்லை. எத்தனை 'வாங்க'! எஸ்.ஐ.யும் தலையாட்டினார். "இவ்ளோ மரியாதை குடுக்குற பொண்டாட்டிய வுட்டுட்டு எவனாவது ஓடுவானா?"

அதற்குப் பிறகு ஒரு வாரம், தெருமுனை டீக்கடையில் புது ஆள் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். அவர் போன பின்தான் அம்மா கடிதத்தைப் பாயிடம் கொடுத்தாள். பத்து நாளில் பதில் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன்.

'உங்க லெட்டர் கெடச்சுதுங்க. உங்க மரியாதைய பாத்து ஆடிப் போயிட்டேனுங்க. நான் வரலிங்க. பாப்பா எழுத்து முத்து முத்தா இருக்குது.'

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அவள் சிரித்து. "இன்னொரு தபா படி" என்றாள். 'மரியாதை' வந்த இடத்தில் மறுபடியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா வரவில்லை என்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆகவே அவர்களைச் சந்தோஷப்படுத்தியது மரியாதைதான். அப்பாவே பதிலுக்கு மரியாதையாக எழுதியிருக்கிறார். என் எழுத்தையும் புகழ்ந்திருக்கிறார். டீச்சர் வீடு மாதிரி எங்கள் வீடும் ஆகத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இன்னும் ஒரு மாதம் கழித்து, வேலூர் வக்கீலைப் பார்க்கப் போன அம்மா ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள். போட்டோவில் இருந்த எல்லோருக்கும் முன்ஜாமீன் கிடைத்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் பிடிக்க முடியாது. தவறினால் அந்த ஜாமீன் போய்விடும், அதன் பின் எங்கே கண்டாலும் பிடித்து உள்ளே போடுவார்கள்.

"எழுது பாப்பா. யோவ், வாய்யா. நெஜமாத்தான் கூப்புடறேன், வாய்யா. வக்கீலு ஜாமீன் வாங்கிட்டாரு. பதினஞ்சு நாளுதான் டைமு. நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. வா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவ்ளோதான். நான் சொன்ன மாதிரியே எழுது. ஒரு எழுத்து மாத்தாத."

மாற்றாதே என்று அவள் சொன்னதுதான் எனக்கு ரோஷமாகிவிட்டது. எழுத்தைப் பற்றி எனக்கு அவள் சொல்வதா? அதுவும் இது சாதாரணக் கடிதமா? அப்பாவை எப்படியாவது வரவழைக்க வேண்டிய கடிதம். போன தடவை எழுதியதில் உருக்கம் போதாமல்தான் அவர் வரவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். இந்தத் தடவை விடக் கூடாது. அடுப்பங்கரையில் அம்மா இருக்கும்போது, கதவருகே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன்.

'பேரன்பும் பெருமதிப்பும் உடையவருக்கு, வணக்கம். தங்களுக்கு ஜாமீன் கிடைத்துள்ளது. எனவே தாங்கள் எவ்வித அச்சமும் இன்றிப் பதினைந்து நாட்களுக்குள் வருகை தருமாறு பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் வரவை எதிர்நோக்கி வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறோம். குழந்தை உங்கள் நினைவாகவே இருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை.'

நல்ல வாக்கியத்தை ஒரே ஒரு தடவை பயன்படுத்தி வீணாக்குவானேன் என்று நினைத்து, எஸ்.ஐ. சொல்லிக் கொடுத்த வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

"படிச்சுக் காட்டு" என்றாள் அம்மா. நான் தாளைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னதை அம்மா சொன்ன மாதிரியே ஒப்பித்தேன். யோவ், வாய்யா, நெஜமாத்தான் கூப்புடறேன், வாய்யா.

"அதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்?"

"பெரிய எழுத்தா எழுதியிருக்கேம்மா. அப்பா கூட்டிப் படிக்கணும் இல்ல?"

அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். பாய் மட்டும், "இன்னா பாப்பா, கதையே எழுதிட்டியா?" என்று சலித்துக்கொண்டு மடித்து வைத்தார்.

நான்காம் நாளிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்குத் திரும்பினார்கள். தாடியும் அழுக்குமாக வந்தவர்கள் குளித்துவிட்டு வேலூர் கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். அம்மா பள்ளிச் சீருடை போல ஒரே புடவையைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள். பதினைந்தாம் நாள் காலையில் கோர்ட்டுக்கே போய் வாசலில் நின்றாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது திரும்பியிருந்தாள். சட்டை ஆணியில்தான் இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாய் கடிதம் கொண்டுவந்தார். நான் படித்தேன்.

'உங்க லெட்டர் வந்துச்சுங்க. இந்தத் தபா மரியாதை ரொம்ப ஜாஸ்திங்க. புரிஞ்சிகினேன். இனிமே நான் இங்க இருக்க மாட்டேன். லாரியில லெட்டர் அனுப்பாதிங்க. பாப்பாவ படிக்க வைங்க.'

அம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மரியாதையா?" என்றாள். பிறகு மிக மெதுவாக, "நீ இன்னா எழுதின?" என்றாள்.

அப்பா அந்தக் குடோனிலிருந்து எங்கே போனார் என்று தெரியவில்லை. பாய் அடுத்த மாதம் தானே அந்த இன்னொரு லாரியில் ஏறிப் போய்க் குடோனைக் கண்டுபிடித்து விசாரித்தார். அப்பா கையில் கடிதத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார் என்று வாட்ச்மேன் சொன்னாராம். அதுதான் அவரைப் பற்றிக் கடைசியாகக் கிடைத்த செய்தி. கையெழுத்துப் போட்ட எல்லோரையும் சில வருடங்கள் கழித்துக் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. அப்பாவின் பெயர் மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு, தலைமறைவு என்ற குறிப்போடு இன்னும் இருக்கிறது.

நான் காலேஜில் சேர்ந்த வருடம், லாரியில் கிளம்பிய அன்று வாசலில் அப்பா காதோடு சொன்னது என்னவென்று அம்மா எனக்குச் சொன்னாள். 'போலீஸ்காரன் பக்கத்துல நின்னு எழுத வெச்சான்னா, கோவத்துல பேசுவியே, அந்த மாதிரி மரியாதையா பேசு. நான் புரிஞ்சிக்கிறேன். நீ வாய்யான்னு கூப்ட்டாதான் வருவேன்.' இதைச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. இப்போது நான் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆட்களை வேலையை விட்டு அனுப்பும் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். 'தாங்கள்' அவற்றில்தான் அதிகம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, என்ன எழுதினாய் என்று அம்மா கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. நான் செய்ததைச் சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்று, பரிசளிப்பு விழா மேடையில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம். பேரன்பும் பெருமதிப்பும் என்று தொடங்கி ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். குழந்தை உங்கள் நினைவாகவே இருக்கிறாள் என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

அம்மாவின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. மனசு உருகுற மாதிரி இருக்கணும் என்று எஸ்.ஐ. சொன்னது நினைவுக்கு வந்தது. என் தமிழ் ஒருவரை அழ வைத்ததை நான் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவை சொல்லட்டுமாம்மா?"

 அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"போதுங்க" என்றாள். "உள்ள போங்க. கை கழுவிட்டுச் சாப்பிடுங்க."

அம்மா என்னிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. படித்த பெண் என்று இப்போதாவது அவளுக்குத் தெரிந்ததே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.